ரெண்டே கேள்வி

எலும்பு முறிவு வார்டுக்குள் விசாரணைக்காரர் நுழைந்தபோது பிற்பகல் மூன்று மணி. ஜன்னல் நிறைய வெயில், மருந்து வாடை, எங்கேயோ கிறீச்சிடும் தள்ளுவண்டி. பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை, கண்ணுகளா. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள் அவர். விபத்தில் அடிபட்டவர்கள் கேட்கிற தொகையை எதைச் சொல்லிக் குறைக்கலாம் என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு.

அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆட்கள் வண்டி ஓட்டுகிற நேரம் பார்த்துத்தான் போன் போடுவார். கண் ரோட்டில் இருந்தால் நாக்கு தானாக உளறும், பதிவு செய்துகொள்ளலாம்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு பெண்ணை அப்படித்தான் அழைத்தார். கார் கதவில் விழுந்த கீறலுக்குப் பணம் கேட்டிருந்தவள்.

"ஓட்டிட்டு இருக்கேன் சார். அப்புறம் பேசட்டுமா?"

"ரெண்டே கேள்விம்மா. கட் பண்ணாதீங்க."

முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள். இரண்டாவதை இவர் தொடங்கும்போது லாரி மோதிய சத்தம் கேட்டது. பிறகு ஒரு முனகல்.

கட் பண்ணியது இவர்தான். யாருக்கும் தகவல் சொல்லவில்லை. பதிவை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

லாரிக்கும் அதே கம்பெனியில் இன்சூரன்ஸ். கேஸ் சுற்றிவந்து இவர் மேசையிலேயே விழுந்தது.

செத்துப்போனவளின் புருஷன் இப்போது எதிரே உட்கார்ந்திருந்தார். கட்டிலில், அன்றைக்கு அதே காரில் இருந்த எட்டு வயது மகள்; வலது காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆபரேஷன் நடந்தால்தான் அந்தக் கால் நிற்கும்.

"உங்க வீட்டம்மா போன் பேசிட்டே ஓட்டிருக்காங்க. தப்புல பாதி அவங்களோடது. அதனால பாதித் தொகைதான்."

"யார் சார் கூப்பிட்டது?"

"யார் கூப்பிட்டா என்ன? எடுத்தது அவங்கதானே."

குழந்தை கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, அன்னைக்கு ஸ்பீக்கர்ல பேசினது இந்த மாமாதான். கட் பண்ணாதீங்கன்னு சொன்னாரு."

"பாவம், தலையிலயும் அடி போல" என்றார் விசாரணைக்காரர். பாதித் தொகைக்குச் சம்மதம் என்ற காகிதத்தை வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "கோர்ட்டுக்குப் போனா நாலு வருஷம். கால் அதுவரைக்கும் காத்திருக்குமா?"

அப்பா மகளின் காலைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"அவங்க போனையும் கொடுங்க. ஆதாரத்துக்கு."

கண்ணாடி நொறுங்கி, பேட்டரி பிதுங்கிச் செத்துப்போன போன். பிளாஸ்டிக் உறைக்குள் வாங்கிக்கொண்டார்.

"கொடுத்துடுங்கப்பா" என்றாள் குழந்தை. "அம்மா இன்னும் லைன்லதான் இருக்காங்க."

வெளியே நல்ல வெயில். உறையைப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டு ஓட்டினார். இரண்டாவது திருப்பத்தில் அவர் போன் அடித்தது.

திரையில் அவள் நம்பர்.

அவர் எடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டது.

"ரெண்டே கேள்விம்மா." அவருடைய குரலேதான். "கட் பண்ணாதீங்க."

சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். காருக்குள் டீசலும் கருகிய ரப்பரும் சேர்ந்து நாறின.

பக்கத்து சீட்டின் பெல்ட் மெல்ல இழுபட்டு, கிளிக்கென்று மாட்டிக்கொண்டது.

காதோரம் ஈரமான மூச்சு.

"ரெண்டாவதைக் கேளுங்க சார்."

திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

எதிரே லாரியின் பின்பக்கம்.

கண் விழித்தபோது அதே வார்டு. கழுத்துக்குக் கீழே உடம்பு இருப்பதே தெரியவில்லை. அவரிடம் தொழில் கற்ற சக ஊழியர் ஒருவர் காகிதத்தோடு நின்றார்.

"மோதினப்போ போன்ல இருந்திருக்கீங்க சார். பாதிதான் வரும்."

"யாரு... கூப்பிட்டது?"

"யார் கூப்பிட்டா என்னன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க." சிரித்தபடி ஒரு உறையைத் தலையணையில், அவர் காதை ஒட்டி வைத்தார். "உங்க கார்ல கிடந்துச்சு." போய்விட்டார்.

எதிர்க் கட்டிலில் குழந்தை. போர்வை வலது முழங்காலோடு தட்டையாகிவிட்டிருந்தது. பாதிப் பணத்துக்கு அவ்வளவுதான் காப்பாற்ற முடிந்ததாம்.

நொறுங்கிய கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. அழைப்பு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்நூற்று எழுபது மணி நேரம், நாற்பது நிமிடம், பன்னிரண்டு விநாடி. பதின்மூன்று. பதினான்கு.

விரலை அசைக்கப் பார்த்தார். அசையவில்லை.

"பேசுங்க மாமா" என்றாள் குழந்தை. "கட் பண்ணாதீங்க."