மதுவந்தியின் கமெண்ட் பெட்டி

காலை 7.10. மயிலாப்பூர், வடக்கு மாடவீதிக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட். பாடகி மதுவந்தி கட்டிலில் செத்துக் கிடந்தாள். தலைமாட்டில் காலியான தூக்க மாத்திரை அட்டை. பக்கத்தில் ஒரு வெள்ளி டம்ளர்.

இன்ஸ்பெக்டர் ஜஹனாரா டம்ளரைத் தொடாமல் குனிந்து முகர்ந்தாள். பால், மிளகு. அடியில் கரையாத பனங்கற்கண்டு.

“தற்கொலைதான் மேடம்,” என்றான் கணவன் பிரணவ். கண் சிவந்திருந்தது. சட்டை மட்டும் இஸ்திரி கலையாமல் இருந்தது. “இன்ஸ்டாவுல ஒரு மாசமா இவளை அசிங்கமா திட்டிண்டிருந்தா. ‘மலடி பாடினா சாமி கேக்குமா’ன்னு ஒருத்தன். படிச்சுப் படிச்சு அழுதா. இன்னிக்கு அடையாறுல கச்சேரி வேற. ஜனங்க மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு பயந்துட்டா. ராத்திரி அவளே பாலைக் காய்ச்சி எடுத்துண்டு உள்ள போனா.”

“அவங்க போன்ல படிச்சீங்களா?”

“சேச்சே. அவ போனை நான் தொட்டதே இல்ல. பாஸ்வேர்டும் தெரியாது. என் போன்லதான் பார்த்தேன். ஊரே படிச்சுது மேடம்!” மூலையில் நின்ற பெண்ணைக் காட்டினான். “அவ அக்கவுன்ட்டைப் பார்த்துண்டது இந்தக் கீர்த்திதான். இவ அதையெல்லாம் அழிச்சிருந்தா என் பொண்டாட்டி உசிரோட இருப்பா.”

கீர்த்தி மதுவந்தியிடம் பாட்டுக் கற்பவள். அந்த நிமிஷமே ஜஹனாராவுக்குப் பிரணவைப் பிடிக்காமல் போயிற்று. ஆனால் பிடிக்காதது சாட்சி ஆகாது. தற்கொலை என்று எழுதி ஃபைலை மூடினால் மதுவந்தி சாம்பலாகிவிடுவாள், இந்தப் பெண் ஆயுசுக்கும் பழி சுமப்பாள்.

ஜஹனாரா தன் போனில் மதுவந்தியின் பக்கத்தைத் திறந்து ஒரு மாதப் பதிவுகளையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கும்பிடும் கைகள், ‘அற்புதம் மேம்’கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

8.25. சமையலறை.

“திட்டினதையெல்லாம் அழிச்சிட்டியா கீர்த்தி?”

“இல்ல மேடம். ரெண்டு மாசம் முன்னாடியே அக்கா ஃபில்டர் போட்டுட்டாங்க. வேண்டாத வார்த்தையை நாமளே அதுல சேர்க்கலாம். அது இருக்கற கமெண்ட் தானா மறைஞ்சு தனியா ஒரு பெட்டியில விழும். அந்தப் பெட்டிய நாங்க திறக்கவே மாட்டோம்.” தயங்கினாள். “முதல் வார்த்தையா ‘மலடி’யத்தான் சேர்த்தாங்க. யாரும் அப்படி எழுதலையே அக்கான்னேன். சிரிச்சாங்க.”

“மறைஞ்சது யாருக்குமே தெரியாதா?”

“எழுதினவங்களுக்குத் தெரியும். அவங்க ஐடியில பார்த்தா போட்டது போட்டபடியே நிக்கும்.”

கீர்த்தி தன் போனில் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்ததெல்லாம் ஒரே ஐடி எழுதியது. அத்தனையிலும் மலடி.

8.50. ஹால்.

“சார், உங்க போனைக் குடுங்க.”

“எதுக்கு மேடம்?”

“ஊரே படிச்சதை நானும் படிக்கணும். என் போன்ல ஒண்ணும் வரல.”

பாக்கெட்டுக்குப் போன பிரணவின் கை வெளியே வரவில்லை.

“வராது சார். ஃபில்டர் மறைச்சிடுச்சு. மதுவந்தி அந்தக் கழிசடைய ஒரு வரிகூடப் படிக்கல. படிக்காததுக்கு எப்படி அழுதாங்க?” ஜஹனாராவின் குரலிலிருந்து மரியாதை கழன்றது. “தற்கொலைக்குக் காரணம் வேணும்னு கள்ள ஐடியில எழுதிக்கினே இருந்த. உன் கண்ணுக்குத் தெரிஞ்சதும் ஊருக்கே தெரியுதுன்னு நம்பிட்ட. அது எழுதினவனுக்கு மட்டும்தான்யா தெரியும்! அப்புறம் அந்தப் பால். சாகப் போறவ மறுநாள் கச்சேரிக்குத் தொண்டையைப் பதப்படுத்துவாளா? மாத்திரையைக் கரைச்சு மிளகுப் பாலுன்னு நீ நீட்டுன, அவ நம்பிக் குடிச்சா.”

பிரணவ் போனை எடுத்து சோபாவில் போட்டான். “எங்காத்துக்கு ஒரு வாரிசு வேண்டாமா மேடம்? அவ விவாகரத்துக்கும் ஒத்துக்கல,” என்றான். நியாயம் கேட்கிறானாம்!

கான்ஸ்டபிள்கள் அவனை இறக்கிக் கொண்டு போனார்கள். கீர்த்தி வாசலில் நின்றிருந்தாள்.

“மேடம், இவர் எழுத ஆரம்பிச்சது போன மாசம். அதுக்கு முன்னாடியே அக்கா ஏன் அந்த வார்த்தையைச் சேர்த்தாங்க?”

ஜஹனாரா படுக்கையறைக் கதவைப் பார்த்தாள்.

“வெளியே யாரும் சொல்லலம்மா. தினம் வூட்ல இவன் வாயால அந்த வார்த்தையைக் கேட்டுக்கினு இருந்தாங்க. போன்லயாவது வராம இருக்கட்டும்னு சேர்த்திருக்காங்க.”