நாடு கடத்துங்கள், ப்ளீஸ்!

போன் அலறியது!

காலை ஒன்பதேகால். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ப்ளாட் ஒன்றில், ஆறிப்போன தேத்தண்ணீரோடு நின்ற நிப்லா திரையைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் விமலசூரிய.

"மிஸ், உடனே வாங்க. விடிய கொட்டாஞ்சேனையில ஐடி செக்கிங். ஒரு லொட்ஜில இந்தியப் பொம்பளை ஒருத்தி மாட்டியிருக்கிறா. விசா முடிஞ்சு நாற்பத்தேழு நாள். தமிழ் மட்டும்தான் பேசுறா."

"அழுறாவா?"

"இல்ல. ஏன்?"

"அழுதா நேரம் எடுக்கும், சேர். டிஷ்யூ எடுத்துட்டு வரணும்."

நிப்லாவுக்கு வயது முப்பத்தொன்பது. பதினொரு வருடமாகப் பொலிசுக்கு மொழிபெயர்ப்பாளர். எதிரில் இருப்பவர் தமிழில் கதறுவார். அது அவள் வாயிலிருந்து தட்டையான சிங்களமாக வெளியே வரும். வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே ஒரு வாக்குமூலத்துக்குப் போய்வந்தவள். அன்றும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

த்ரீவீலரை வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள்.

"ஐடி?"

கொடுத்தாள்.

"எங்க போறீங்க?"

"பொலிசுக்கு."

"என்ன பிரச்சினை?"

"வேலை."

அந்தக் கான்ஸ்டபிள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நம்பிக்கை இல்லாமல்தான் திருப்பிக் கொடுத்தான்.

ஸ்டேஷனில் விமலசூரிய ஒரு பாஸ்போர்ட்டை விசிறி போல ஆட்டிக்கொண்டிருந்தார். அவரும் நிப்லாவும் பேசியதெல்லாம் சிங்களம். அவருக்குத் தமிழில் 'வணக்கம்' தவிர வேறொன்றும் வராது.

"பேர் தமயந்தி. ஊர் திருச்சி. டூரிஸ்ட் விசா. புது ஓர்டர் தெரியும்தானே, மிஸ்? விசா முடிஞ்சவங்களை ஒரு நாள் கூட வச்சிருக்க ஏலாது. ரெண்டேகாலுக்கு ப்ளைட். ஒரு வாக்குமூலம்... ஒரு கையெழுத்து... முடிஞ்சுது!"

நிப்லா பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தாள்.

"இது அவதானா?"

"எட்டு வருஷத்துக்கு முந்தின படம். என்ட பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தா, நானே என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டுடுவன்!"

"அவசரத்தில இருக்கிறீங்க போல..."

"ஏன் கேக்குறீங்க! நேத்து ஹெந்தளை கடற்கரையில ஒரு பொம்பளையின்ட பிரேதம். முகம் பாறையில அடிபட்டுச் சிதைஞ்சு போச்சு. பக்கத்தில கிடந்த ஹேண்ட்பேக்கில ஐடி இருந்திச்சு. பேர் சுபாஷினி. புருஷன் கிஷாந்துக்கு இங்க கொட்டாஞ்சேனையில போன் கடை. மூணு நாளாப் பூட்டிக் கிடக்கு. ஆளைத் தேடுற வேலை என்ட தலையில!"

"முகமே இல்லாட்டி, அவதான் எண்டு எப்படித் தெரியும்?"

"ஐடி இருக்கே! இந்த நாட்டில வேற என்ன வேணும், மிஸ்?"

உள் அறையில் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். முழுக்கைச் சுடிதார். கண்கள் காய்ந்திருந்தன.

நிப்லா காகிதத்தை விரித்தாள்.

"பேர்?"

"தமயந்திங்க."

"எதுக்கு வந்தீங்க?"

"கதிர்காமத்துல சாமி கும்பிடத்தாங்க வந்தேன். உடம்புக்கு முடியாம போச்சு... தங்கிட்டேன். தப்புதாங்க. என்னை ஊருக்கு அனுப்பிடுங்க, ப்ளீஸ்!"

நிப்லா அதைச் சிங்களமாக்கினாள். மனதில் ஒரு மூலையில் குறித்துக்கொண்டாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அனுப்பாதீர்கள் என்றுதான் கெஞ்சுவார்கள். இவள் அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறாள்!

விமலசூரிய ஒரு படிவத்தை நீட்டினார். நிப்லா மூச்சுவிடாமல் வாசித்தாள்.

"குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் ஏற்பாடுகளுக்கு அமைவாக உம்மை அகற்றுவதற்கு விடுக்கப்படும் கட்டளைக்கு ஆட்சேபனை ஏதும் இருப்பின்..."

"விளங்கேல்..."

அந்தப் பெண் சட்டென்று நாக்கைக் கடித்தாள்.

"பு... புரியலைங்க."

நிப்லாவின் பேனை நின்றது.

விளங்கேல்ல! அது யாழ்ப்பாணத்து வாய். திருச்சியில் பிறந்த நாக்கில் அது முளைக்காது!

அவள் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. காட்டிப் பழக்கமும் இல்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டாள்.

"சேர், அந்தச் சுபாஷினியின்ட வீட்டுக்கு ஆள் போயாச்சா?"

"நுகேகொடைக்கு ரெண்டு பேர் போறாங்க. திறக்காட்டி கதவை உடைக்கச் சொல்லியிருக்கன்."

நிப்லா அதை மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போயிற்று. சிங்களமும் விளங்குகிறது!

நிப்லா மறுபடி படிவத்தைத் தூக்கினாள். சட்டம் வாசிக்கிற அதே குரலில், தமிழில் சொன்னாள்.

"கடற்கரையில செத்தது எண்டு சொல்ற அந்தப் பொம்பளை நீங்கதான்; அந்தப் பேரைச் சொல்லிடாதீங்க. தலையை ஆட்ட வேணாம். சேருக்குத் தமிழ் தெரியா. நான் படிவம் வாசிக்கிறன் எண்டு நினைச்சிட்டிருக்கிறார். சொல்லுங்க."

அந்தப் பெண்ணின் கண் ஒருதரம் இன்ஸ்பெக்டரிடம் போய்த் திரும்பியது.

"அக்கா... காட்டிக் குடுத்துடாதேங்கோ."

"செத்தது யார்?"

"தமயந்தி. லொட்ஜில பக்கத்து ரூம். ரெண்டு பேரும் கடல் பாக்கப் போனனாங்கள். குளிக்க இறங்கினவளை அலை இழுத்துப் பாறையில அடிச்சுப் போட்டுது. அவவின்ர பாஸ்போர்ட் என்னட்ட இருந்தது. என்ர ஐடியைப் பக்கத்தில போட்டுட்டு வந்திட்டன்."

"ஏன்?"

சுபாஷினி மேசை மறைவில் இடது கையின் சட்டையை மெல்ல மேலே இழுத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் முக்கோணம் முக்கோணமாகத் தழும்புகள். அயன்பொக்ஸின் மூக்கு!

"ஏழு தரம் அக்கா. எட்டாந்தரம் முகத்தில எண்டு சொன்னவர். எங்க ஒளிச்சாலும் வந்து பிடிப்பார். செத்தவளைத் தேட மாட்டார்தானே?"

"பாஸ்போர்ட் கையில இருந்தா நேர ஏர்போர்ட் போயிருக்கலாமே."

"நானாப் போனா நூறு கேள்வி கேப்பினம். பொலிஸ் கொண்டுபோய் விட்டா ஒருத்தரும் கேக்க மாட்டினம். அதான்... அந்த லொட்ஜில விசா முடிஞ்ச இந்தியாக்காரி இருக்கிறா எண்டு பொலிசுக்கு போன் எடுத்ததே நான்தான்!"

"என்ன மிஸ், இவ்வளவு நேரம்?" விமலசூரிய கொட்டாவி விட்டார். "ஆட்சேபனை ஏதும் இருக்காமா?"

நிப்லா அந்தத் தழும்புகளைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் என்னவோ அசைந்தது. பசி போல ஒன்று. பல வருடத்துக்குப் பிறகு.

"இல்லையாம், சேர். ஊருக்கே போறாவாம்."

பதினொரு வருடத்தில் அவள் செய்த முதல் பிழையான மொழிபெயர்ப்பு!

சுபாஷினி 'தமயந்தி' என்று கையெழுத்துப் போட்டாள். பதினொன்றரைக்கு ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நிப்லா வேறு இரண்டு பேருக்கு மொழிபெயர்த்தாள். கன்டீன் சோற்றைப் பாதியில் வைத்தாள்.

ஒன்று ஐம்பது.

விமலசூரியவின் மேசையில் போன் அடித்தது!

"ஓ... என்ன?... உடைச்சிட்டீங்களா?... எத்தனை நாள்?"

அவர் எழுந்தே நின்றுவிட்டார். போனை வைத்தபோது கழுத்து வியர்த்திருந்தது.

"மிஸ்... அந்தக் கிஷாந்த் வீட்டுக்குள்ள செத்துக் கிடக்கிறான்! மூணு நாளாச்சு. தேத்தண்ணியில தூக்க மாத்திரை. மூஞ்சியில தலகாணி!"



"இன்னுமிருக்கு. ஹெந்தளை கேஸ்... போஸ்ட்மோட்டம் முடிஞ்சுது. அவ மூழ்கிச் சாகல்ல. துப்பட்டா மாதிரி ஒரு துணியால கழுத்தை இறுக்கியிருக்கு. பிறகுதான் முகத்தில கல்லால குத்தியிருக்கு! புருஷன், பெண்டாட்டி ரெண்டு பேரையும் ஒருத்தனே முடிச்சிருக்கான். ஆளை எங்க போய்த் தேடுறது?"

கதவை உடைக்கச் சொன்னபோது அந்த முகம் வெளுத்தது ஏனென்று நிப்லாவுக்கு இப்போதுதான் விளங்கியது. புருஷன் உயிரோடு வந்துவிடுவான் என்ற பயம் அல்ல அது!

தழும்புகள் பொய்யில்லை. அவற்றை அவள் கண்ணால் பார்த்தாள். ஆனால் கதிர்காமத்துக்கு வந்த ஒருத்தி அவளுக்கு என்ன செய்தாள்? ஒரு பாஸ்போர்ட் வைத்திருந்தாள். அவ்வளவுதான்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தமயந்தியை சுபாஷினி என்று அடக்கம் செய்வார்கள். திருச்சியில் யாரோ போன் அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

நெஞ்சுக்குள் அசைந்தது அடங்கிவிட்டது. நிப்லா தன் பழைய தட்டைக் குரலில் சொன்னாள்.

"தேட வேணாம், சேர். ரெண்டேகாலுக்குப் பறக்குது."

"என்ன?"

"நாங்க அனுப்பினது தமயந்தியை இல்ல. சுபாஷினியை."

விமலசூரிய போனில் பாய்ந்தார். ஏர்போர்ட்... குடிவரவு... யாரோ ஒரு சார்ஜன்ட்... கத்தினார்! கெஞ்சினார்! மறுபடி கத்தினார்! பிறகு தொப்பென்று நாற்காலியில் விழுந்தார்.

"பிடிச்சிட்டாங்க... சீட்டில பெல்ட் போட்டு இருந்தாவாம்!"

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"மிஸ்... இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கையெழுத்துப் போட முந்தி."

"தெரிஞ்சும்...?"

"ஓம், சேர்."

"ஏன்?"

"கையைப் பார்த்தன்."

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கப்படுத்த அவளுக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டு பாஷையிலும்.

விமலசூரிய எழுந்து கதவைச் சாத்தினார். இழுப்பறையிலிருந்து வெறும் படிவம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ஐடியை எடுங்க, மிஸ்."

எடுத்து வைத்தாள்.

"வாக்குமூலத்தை எந்தப் பாஷையில சொல்லட்டும், சேர்?"

விமலசூரிய பேனையின் மூடியைக் கழற்றிப் பெருமூச்சு விட்டார்.

"சிங்களத்திலயே சொல்லித் தொலைங்க, மிஸ்... தமிழ்ல சொன்னா, மொழிபெயர்க்க உங்களைத்தான் கூப்பிடணும்!"