பதினாலாம் நம்பருக்கு இரண்டு ரத்தம்

உருத்திரமூர்த்திக்கு இடுப்பு நாரி விண் விண்ணென்று வலித்தது.

விடிய நாலரைக்கு எழும்பியவன். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இது அவன் இன்றைக்குத் துடைக்கும் மூன்றாவது கட்டடம். மொப்பைப் பிழிந்து நிமிரப் பார்த்தான். முடியவில்லை.

அப்போதுதான் அந்த அலறல்!

ஊசி அறையிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். பிரெஞ்சில் கத்தினாள்.

"செத்துவிட்டார்! பதினாலாம் நம்பர்... உருத்திரமூர்த்தி செத்துவிட்டார்!"

தன் பெயரைக் கேட்டு உருத்திரமூர்த்தி மொப்போடு ஊசி அறைக்கு ஓடினான்.

1996 நவம்பர் 20. புதன்கிழமை. காலை பத்து மணி.

கதவிடுக்கால் எட்டிப் பார்த்தான். சாய்வு நாற்காலியில் கிடந்தது அவன் கூட்டாளி நித்தியானந்தன். கையில் ஊசிக் குழாய். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் உருத்திரமூர்த்தியின் பெயர்!

"ஏய், ஈரக்காலோடு உள்ளே வராதே!" நர்ஸ் விரட்டினாள்.

சனிக்கிழமை தோறும் அதே நாற்காலியில், அவள் கையாலேயே ஊசி ஏற்றிக்கொள்பவன் உருத்திரமூர்த்தி. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மொப் பிடித்தவனின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

ஒரு கை அவனைப் பக்கத்து அறைக்குள் இழுத்தது.

பூங்கோதை. கோயமுத்தூர்க்காரி. காசு கொடுத்து ஆட்கள்மீது புது மருந்தைச் சோதிக்கும் இந்த ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு மூளை. யாருக்கு அடுத்த தடவை எவ்வளவு மருந்து என்பதை அவளுடைய கம்ப்யூட்டர்தான் சொல்லும்.

"மூர்த்தி அண்ணா... பதினாலாம் நம்பர் நீங்கதானே? செத்தது யாரு?"

"என்ரை கூட்டாளி, மிஸ். நித்தி."

"அவர் எப்படி உங்க நாற்காலியிலே?"

"புதனும் சனியும் வரவேணும், ஒருநாள் தவறினாலும் காசில்லை எண்டு எழுதியிருந்தது. புதனிலை எனக்கு இஞ்சை வேலை விழுந்திட்டுது. வேலைக்கு ஆள் மாறுற மாதிரி மாறினம். காசு பாதிப் பாதி."

"இது வேலையா? ரத்தம் அண்ணா!"

"எங்களுக்கு எல்லாம் வேலைதான், மிஸ். அட்டையைப் பார்ப்பினம். மூஞ்சையைப் பார்க்கமாட்டினம்."

அவள் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள். பச்சைப் புள்ளிகள்.

"பாருங்க. இது புதன்கிழமை ரத்தம். போன வார மருந்து இன்னும் தேங்கிக் கிடக்கு. இது சனிக்கிழமை ரத்தம். மூணு நாள் முன்னாடி ஏத்தின மருந்து துளிகூட இல்லே!"

"சனியிலை வந்தது நான். அவனுக்கு ஏத்தினது எனக்குள்ளை எப்பிடி இருக்கும்?"

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? ரெண்டு பேரையும் கலந்து நடுவிலே ஒரு ஆளைச் செஞ்சுடுச்சு. 'இந்த உடம்புலே மருந்து நிக்கல... கூட்டு'ன்னுச்சு. கூட்டினோம். வாராவாரம்!"

உலகத்தில் இல்லாத ஒருவனுக்கு அளந்த மருந்து. இருந்தவன் செத்துப்போனான்.

"நித்திக்கு ஒரு கிட்னிதான், மிஸ்." உருத்திரமூர்த்தி குரலை உயர்த்தினான். "மற்றது ஆமிக் காம்பிலை அடிச்ச அடியோடை போயிட்டுது. முதல்நாள் சோதனைக்கு மூத்திரம் குடுத்தது நான்..."

"கத்தாதீங்க! போலீஸ் வருது. ஆள்மாறாட்டம் தெரிஞ்சா விசா காலி. கொழும்பு பிளேன்ல ஏத்திடுவாங்க. பின்வாசல் வழியா போயிடுங்க. செத்தது உருத்திரமூர்த்தியாவே இருக்கட்டும். இனிமே நீங்க நித்தியானந்தன்!"

"அப்ப அவன்ரை மனிசி?"

"என்ன?"

"வவுனியாவிலை இருக்கிறாள். தில்லைநாயகி. என்ரை பேரிலை அவனைப் புதைச்சால் அவளுக்கு ஆர் சொல்லுறது? அவள் சாகுமட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?"

"அவங்களைப் பத்திக் கவலைப்பட்டா உங்க விசா போயிடும்!"

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர் பெரோ. நரைமீசை. கையில் குறிப்புப் புத்தகம்.

"இறந்தவரை உங்களில் யாருக்காவது தெரியுமா?" பிரெஞ்சில் கேட்டார்.

பூங்கோதை முந்திக்கொண்டாள். "இவர் கிளீனர். ஒன்றும் தெரியாதாம்."

உருத்திரமூர்த்தியிடம் ஏழு வருடம் கக்கூஸ் கழுவிக் கற்ற பிரெஞ்சு இருந்தது. இலக்கணம் இல்லாத பிரெஞ்சு.

"தெரியும்! பதினாலாம் நம்பர் நான். செத்தவன் நித்தியானந்தன். அவனை அனுப்பினது நான்."

விசா போயிற்று. அவனுக்கே அது தெரிந்தது.

பூங்கோதையின் முகத்தில் ஒரு கணம்... நிம்மதி!

"கேட்டீர்களா இன்ஸ்பெக்டர்? மோசடி! இரண்டு ஆள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இன்றைக்குத்தான், இந்த நிமிஷம்தான் கண்டுபிடித்தேன்!"

உருத்திரமூர்த்தி அவளையே பார்த்தான். பிறகு பர்ஸைத் திறந்து, நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தான்.

அவள் வெளிறினாள்.

"உங்கடை குப்பைக்கூடை, மிஸ். கொட்டுறது நான்தானே? தமிழ் எழுத்தைக் கண்டதும் எறிய மனம் வரேல்லை."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். அதே புள்ளிகள். ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது: '14 = 2 பேர்? இப்போதைக்கு விட்டுடலாம்.' தமிழ் அவருக்குத் தெரியாது. இலக்கம் தெரியும்.

14 = 2 ?

மேலே தேதி. 31.10.96. கீழே அடுத்த தடவைக்கான மருந்து. கூட்டிய அளவு. பூங்கோதையின் கையெழுத்து.

"மூன்று வாரம், மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்கள் நிமிஷம் மிக நீளமானது."

"பதினாலை வெட்டினா ஆள் பத்தாது... ஆராய்ச்சியே நின்னுடும்..." அவளுக்குப் பிரெஞ்சு மறந்துபோயிற்று. "டிசம்பர்ல என் கான்ட்ராக்ட் முடியுது அண்ணா!"

"இதை வாசிச்ச அண்டு நானும் நித்தியும் என்ன செய்தனாங்கள் தெரியுமோ?" உருத்திரமூர்த்தி சிரித்தான். கசந்த சிரிப்பு. "உங்கடை பேரிலை தேங்காய் உடைச்சனாங்கள்! தமிழ்ப் பிள்ளை, பாவம் பார்த்துக் காட்டிக்குடுக்காமல் விட்டிட்டுது எண்டு..."

போலீஸ்காரர்கள் பூங்கோதையை வெளியே கொண்டுபோனார்கள்.

இன்ஸ்பெக்டர் புதிய பக்கம் புரட்டினார்.

"உன்மீதும் வழக்கு உண்டு."

"எழுதுங்கோ ஐயா. முதல் அவன்ரை பேரைச் சரியா எழுதுங்கோ. நித்தி-யானந்தன். மனிசியின்ரை விலாசமும் சொல்லுறன்."

எழுதினார். வவுனியாவை இரண்டு தரம் வெட்டி எழுதினார்.

"உனக்கும் இறந்தவருக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதாவது?"

உருத்திரமூர்த்தி மனதுக்குள் எண்ணிப் பார்த்தான்.

"இருக்கு ஐயா. எனக்காக அவன் ஏழு புதன் ஊசிக்கு இருந்தான். அவனுக்காக நான் அவன் வேலை செய்யிற றெஸ்ரோரன்ரிலை ஆறு ஞாயிறுதான் கோப்பை கழுவினனான்..."

"அதனால்?"

"ஒரு ஞாயிறு கடன். மறியலிலை அடைச்சால், அங்கை கோப்பை கழுவ விடுவியளோ?"