லாவண்டர் வடை

“அண்ணி, நீங்க அடுப்படியிலேயே இருங்க. ஆபிசர் போனதும் வெளிய வரலாம். எண்ணெய் நாத்தம் தாங்கல லா…”

கொழுந்தன் செல்வா மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான். பிரேமலா அடுப்படிக்குள் திரும்பினாள். கணவன் போன பிறகு இந்த நாற்றத்தில்தான் அவனைப் படிக்கவைத்தாள், கல்யாணமும் செய்துவைத்தாள்.

மலேசியாவில், மாசாய் ஊரில், வீட்டு வாசலை ஒட்டி அவளுடைய வடைக் கடை. சிறு வியாபாரிகளுக்கான அரசாங்கக் கடனுக்கு அலைந்தவளும் அவள்தான். மனுவில் மட்டும் செல்வா தன் மனைவி ஷாமளாவின் பெயரைக் கொடுத்துவிட்டான். அதைச் சரிபார்க்கத்தான் இன்று ஆபிசர் வருகிறார். கடன் அந்தப் பெயரில் வந்தால் கடையும் கைவிட்டுப் போகும்.

சன்னல் வழியே பார்த்தாள். ஷாமளா பிரேமலாவின் ஏப்ரனைக் கட்டி, உதட்டுச்சாயம் பூசி நின்றாள். செல்வா, அறைக்கு அடிக்கும் லாவண்டர் ஸ்பிரேயைக் கொண்டுவந்து கடை முழுக்க அடித்தான். மேசை, திரை, தட்டில் அடுக்கிய வடை… எதையும் விடவில்லை.

பிரேமலா அடுப்பை அணைத்தாள். மனுஷர் சாப்பிடுற பொருள்…

அதற்குள் கார் வந்து நின்றது. அதிகாரி ஒரு மலாய்ப் பெண். சிரித்தபடி வடையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

“ஜாங்கான், புவான். சாப்பிடாதீங்கம்மா, அதுல ஸ்பிரே பட்டிருக்கு.” பிரேமலா ஓடிவந்து வடையைப் பிடுங்கினாள்.

“யார் இவர்?”

“வேலைக்காரம்மா, புவான். கொஞ்சம் ஒரு மாதிரி” என்றான் செல்வா, மலாயில்.

சிறுவயதில் காய்ச்சலில் அவன் எடுத்த வாந்தியை இரு கைகளிலும் ஏந்தியவள் அவள். அன்று வராத அருவருப்பு இன்று வந்தது.

வேலைக்காரம்மா என்றதைக் கேட்ட ஷாமளா ஏப்ரனை அவிழ்த்தாள்.

“பொய், புவான். இது இவங்க கடை. எனக்கு மாவு அரைக்கக்கூடத் தெரியாது.”

அதிகாரி செல்வாவை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்த மனு செல்லாது. நாளைக்கு வருகிறேன். அக்கா பெயரில் புதிதாக எழுதலாம். வடையும் அப்போது சாப்பிடுகிறேன்.”

கார் போனதும் ஷாமளா உடைந்து, பிரேமலாவைக் கட்டிக்கொண்டாள். “நானும் மூக்கப் பிடிச்சவதான்க்கா… மன்னிச்சிருங்க…”

“எண்ணெய் ஒட்டிக்கும்டி. தள்ளிப் போ.”

“ஒட்டட்டும்.”

அவளை அணைத்தபடியே பிரேமலா வடைத் தட்டைச் செல்வாவிடம் நீட்டினாள்.

“கொட்டிட்டு, தட்டக் கழுவி வை.”

குப்பைத் தொட்டியைத் திறந்தவனின் கை மூக்கை நோக்கிப் போனது. அவள் பார்ப்பதைக் கண்டதும், பாதியிலேயே இறங்கியது.