மணியடித்து நின்றவர்

லோடுமேனின் மனைவி அழவில்லை, கொதித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பெட்டி தூக்கும் மருந்துக் கிடங்கின் குளிர் அறையிலிருந்து விலை உயர்ந்த ஊசிமருந்துகள் காணாமல் போயிருந்தன. அதே வாரம் அவரைப் பற்றிய பின்னணி விசாரணை அறிக்கையும் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் ஒரு சைக்கிளைத் திருடிச் சிறைக்குப் போனவர் என்று அதில் இருந்தது. அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. வேலை போயிற்று. அடுத்து போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்களாம்.

"எனக்குத் தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன், வக்கீலம்மா. இத்தனை வருஷத்துல அவர் யார் பொருளையும் தொட்டதில்லை."

வக்கீலம்மா கோர்ட்டை விட்டுத் துப்பறிய வந்து வெகுகாலம் ஆகிறது. அவருக்குத் துணை அவருடைய மருமகள்தான். மாமியார் எழுந்திருப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவள்.

மூவரும் கிடங்குக்குப் போனார்கள். கட்டைவிரலை வைத்தால்தான் குளிர் அறைக் கதவு திறக்கும். உடைத்த அடையாளம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஓர் அழைப்பு மணி இருந்தது. அது லோடுமேனுக்காக வைத்தது என்றார் மேனேஜர். அறிக்கை வராதவருடைய விரலைப் பதிய மாட்டார்களாம். அவர் மணியடித்தால் சூப்பர்வைசர் திறந்துவிட்டு, வெளியே வரும்வரை கூடவே நிற்பாராம். இதைப் பெருமையாக வேறு சொன்னார்.

சூப்பர்வைசர் மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மேசைக்கடியில் சாப்பாட்டுப் பை இருந்தது. அதைச் சுற்றித் தரை நனைந்திருந்ததால் மருமகளுக்குக் கால் வழுக்கியது.

"யார் யார் விரல் பதிஞ்சிருக்கு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"நானும் சூப்பர்வைசரும்தான்."

"அப்போ, நீங்க நம்பாம வெளியே நிறுத்தினவர் ஒருத்தரால மட்டும் இந்தக் கதவைத் திறந்திருக்கவே முடியாது. அவரைத்தான் திருடன்னு துரத்தியிருக்கீங்க."

மருமகளுக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, அந்தப் பையில ஐஸ் உருகுது. சோத்துக்கு யாராவது ஐஸ் வைப்பாங்களா?"

"சோத்துக்கு வேண்டாம். இந்த மருந்துக்கு வேணும், இல்லேன்னா கெட்டுப்போயிடும்."

பையைத் திறந்தார்கள். ஐஸ் பைகளுக்கு நடுவே காணாமல் போன ஊசிமருந்துக் குப்பிகள் இருந்தன. சூப்பர்வைசரின் முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நல்லாப் படிச்ச பையன். ஏதோ ஒரு தடவை புத்தி தடுமாறிட்டான். கேஸ்னு ஆயிட்டா அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காது. ராஜினாமா வாங்கிக்கிட்டு விட்டுடலாமே."

"எங்க வீட்டுக்காரரும் ஒரு தடவைதான் சார் பண்ணினார்" என்றாள் லோடுமேனின் மனைவி.

லோடுமேனின் அறிக்கையைக் கண்டதும் மேனேஜருக்கு வராத இரக்கம் இப்போது எங்கிருந்து வந்தது என்று நினைக்க நினைக்க வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தாமலே சொன்னார்.

"முதல்ல இவ வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அந்தக் கதவுல அவர் விரலைப் பதியுங்க. இந்தப் பையனுக்கு என்ன இரக்கம் காட்டலாம்னு அவரையும் வெச்சுக்கிட்டுப் பேசுவோம்."