காற்றில்லாத அறை

பேருந்து மலையை விட்டு இறங்கியதும் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள் தோட்டமாக விரிந்தது. நிறுத்தத்தில் அவள் தம்பி காத்திருந்தான். அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இப்பவாவது வரணும்னு தோணுச்சே உனக்கு," என்று சிரித்தான்.

இந்த ஊரின் பேச்சை எடுத்தாலே அவளுக்கு வயிறு எரியும். தம்பி வாங்கிக் கொடுத்த வேலைக்காகத்தான் அவள் கணவன் இங்கே வந்தான். வந்த இடத்தில், கூட வேலை பார்த்த ஒருத்தியோடு ஓடிப்போனான். செய்தி சொல்ல வந்த தம்பி அவளைவிட அதிகமாக அழுதான். அன்றைக்கே கணவனின் சட்டைகளை வாசலில் போட்டுக் கொளுத்தினாள். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

தம்பி ஊரைச் சுற்றிக் காட்டினான். மலை விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். தண்ணீரால் ஓடும் பழைய மாவு மில்லைப் பார்த்தார்கள். ஏரியில் படகு ஓட்டியவர்தான் கேட்டார்: "எங்க ஊருக்கு வந்துட்டு பழக் கிடங்கைப் பாக்காமப் போனா எப்படிம்மா? உங்க தம்பிதானே அங்க சூப்பர்வைசர்!"

தம்பியின் முகம் செத்துவிட்டது. "அங்க என்னக்கா இருக்கு? வெறும் கதவுங்க."

"அந்த ஆளு வேலை பாத்த இடத்தை ஒரு தடவை பாத்துடறேன்டா. அப்பவாவது மனசு ஆறுதான்னு பாக்கலாம்."

விடுமுறை நாள். கிடங்கில் ஆள் நடமாட்டம் இல்லை. நீண்ட நடைபாதையின் இருபுறமும் இரும்புக் கதவுகள். எங்கோ ஒரு மோட்டார் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது. பழ வாசனை, அதற்கு அடியில் ஈர இரும்பின் வாடை.

"பெட்டிகளை அடுக்கி மூடிட்டு, உள்ள இருக்கற ஆக்சிஜனை எடுத்துடுவோம். அதனாலதான் மாசக்கணக்கா பழம் கெடறதில்ல," என்றான் தம்பி.

"யாராவது உள்ள மாட்டிக்கிட்டா?"

"கொஞ்ச நேரம்தான்."

சொல்லிவிட்டு, கடைசிக் கதவுக்கு முன்னாலேயே திரும்பினான். அந்தக் கதவில் முகத்தளவு கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே இருட்டு.

டொக்.

"என்னடா சத்தம்?"

"மோட்டார்க்கா. வா, போலாம்."

டொக். டொக்.

அவள் கண்ணாடியின் அருகே போனாள். அதன் உட்புறத்தில் வட்டமாக ஆவி படிந்தது. மெல்லக் கலைந்தது. மறுபடி படிந்தது.

யாரோ கண்ணாடியில் வாயை ஒட்டி மூச்சு விடுகிறார்கள்.

காற்றே இல்லாத அறையில்.

ஆவியின் நடுவே ஓர் உள்ளங்கை பதிந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக. மோதிர விரல் பாதிதான் இருந்தது.

மர அறுவை மில்லில் அவள் கணவனுக்குப் போன விரல். அந்த மொட்டை விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எப்போதும் சாலையைக் கடப்பாள்.

பின்னால் தம்பி தரையில் சரிந்திருந்தான்.

"நான் வேணும்னு மூடலக்கா..."

அவனே கொட்டினான். "மாமா பெட்டிக்குப் பின்னால நின்னுட்டிருந்தாரு. பாக்காம மூடிட்டேன். மறுநாள்தான் தெரிஞ்சுது. வெளிய தெரிஞ்சா கிடங்கையே மூடிடுவாங்கன்னு முதலாளி சொன்னாரு. தோட்டத்துல..."

"அந்தப் பொண்ணு?"

"அப்படி ஒருத்தியே இல்லக்கா. அப்படிச் சொன்னாதான் நீ தேட மாட்டேன்னு..."

தேடவே இல்லை அவள். சாபம் கொடுத்துக்கொண்டிருந்தாள். தினமும், வாய் ஓயாமல், செத்துப்போனவனுக்கு.

"அன்னிக்கு அவரு தட்டுன சத்தம் கேட்டுச்சாடா உனக்கு?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் தன் கையைக் கண்ணாடியில், அந்தக் கையின்மேல் வைத்தாள். பயம் போயிருந்தது. குளிர் மட்டும் எலும்புவரை ஏறியது. உள்ளிருந்த கை விலகவில்லை. அவள்தான் விலகி, நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

இரண்டு ஆப்பிள் மரங்களுக்கு நடுவே தோண்டி எடுத்தார்கள். முதலாளியையும் தம்பியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். எடுத்ததை அவள் தன் ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தாள். அழுதாள். மன்னிப்புக் கேட்டாள்.

ஜாமீனில் வந்த தம்பி ஒருநாள் மத்தியானம் போன் செய்தான். எடுத்தாள், வாய் திறக்கவில்லை.

"அக்கா, ஒரு வார்த்தை பேசேன். திட்டவாவது திட்டு."

அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். எதிர்முனையும் அமைதியானது. பிறகு அவன் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"அக்கா... உன் பக்கத்துல யாரு, இப்படி மூச்சு வாங்கறது?"

வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.