தானாக விழும் தாழ்ப்பாள்

மேல்முறையீட்டு வழக்குக்காக யாரும் சம்பவ இடத்துக்குப் போவதில்லை. போனால் கௌரவக் குறைச்சல். வழக்குக் கட்டுக்குள் இல்லாத பொருள் உலகத்திலேயே இல்லை என்பது எங்கள் தொழிலின் மதம். எங்கள் பெரிய வக்கீல் இதைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வார். அந்த இடைவெளிக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ்.

தலை நரைத்த பிறகும் ஜூனியர் என்றே அழைக்கப்படும் நான் அந்த வீட்டுக்குப் போனது கடமை உணர்ச்சியால் அல்ல. அக்கா விடவில்லை.

அக்கா என்றால் கைதியின் அக்கா. தையல்காரி. தம்பிக்கு ஆயுள் தண்டனை கிடைத்த பிறகு எங்கள் அலுவலகப் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து உட்கார்ந்து, எல்லாருக்குமே அக்கா ஆகிவிட்டவர்.

வழக்கு எளிமையானது. தம்பிக்கு அச்சகத்தில் இரவு வேலை. ஒரு நாள் பகலில் அவன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் அவன் மனைவி தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தாள். கழுத்தில் கிடந்த சங்கிலியைக் காணோம். எழுந்து பார்த்தவன் போட்ட அலறலில் அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. ஜன்னல் கம்பியை நெம்பி உள்ளே குதித்தால், அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் ரத்தம்.

தீர்ப்பு சொன்னது: ‘உள்ளே இருந்தது இருவர் மட்டுமே. ஒருவர் இறந்துவிட்டார். எனவே மற்றவரே கொலையாளி.’

அவன் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். “அந்தத் தாழ்ப்பாள் தானா விழும் ஐயா. எவனோ வந்துட்டுப் போயிருக்கான். கதவ இழுத்துச் சாத்தினதும் விழுந்திருக்கு.”

கதவின் அடியில் நிற்கும் இரும்புத் தாழ்ப்பாள் அது. கீழே இறக்கினால் தரையில் உள்ள குழிக்குள் போய் நிற்கும். தேய்ந்துபோனதால் கதவு அதிர்ந்தால் மேலே நிற்காதாம். கோர்ட்டில் சிரித்தார்கள். ஆனாலும் நீதிபதி நியாயவான். நானே நேரில் பார்க்கிறேன் என்றார்.

நீதிபதி வருகிறார் என்றால் சும்மாவா? போலீஸ் ஸ்டேஷனே வீட்டில் இறங்கியது. ஒட்டடை அடித்தார்கள். தரையைத் தேய்த்தார்கள். பெரிய மனிதர் தொடப்போகும் கதவு இப்படிப் பல்லிளித்துக்கொண்டு நிற்பதா என்று, கதவு, நாதாங்கி, தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்துக் காயவைத்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வெறும் மரியாதை.

நீதிபதி வந்தார். கதவைத் தன் கையாலேயே அடித்து அடித்துச் சாத்திப் பார்த்தார். பெயின்டில் ஒட்டிப்போன தாழ்ப்பாள் அசையவில்லை. ‘நாமே சோதித்தோம்’ என்று பெருமையாக எழுதிவிட்டார்.

“பெயின்ட் அடிச்சிருக்காங்கன்னு அன்னிக்கே கத்தினேன் சார்” என்றார் அக்கா. “கோர்ட்டு ஆய்வு பண்றப்போ பேசக் கூடாதுன்னு வெளிய அனுப்பிட்டாங்க.”

நாங்கள் போனது மழைக்கு முந்தைய ஒரு பிற்பகல். சந்தின் கடைசி வீடு. அக்கா வெளிப்பூட்டைத் திறந்தார். அடைத்துக் கிடந்த வீட்டின் புழுக்கம் முகத்தில் அடித்தது. தூசு, எலிப்புழுக்கை, ஊறிய சுவர். நான் குனிந்து தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டினேன். கல் மாதிரி இருந்தது. கதவை ஓங்கிச் சாத்தினேன். விழவில்லை.

“விழாதுக்கா. பெயின்ட் பிடிச்சுக்கிட்டு இருக்கு. இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.”

“அவ இருந்தா காட்டுவா” என்றார் அக்கா.

நான் உள்ளறைக்குப் போனேன். அக்காவும் பின்னால் வந்தார். கட்டில். சுருட்டிய பாய். ஆணியில் ஒரு ஆண் சட்டை, தோள்பட்டையில் தூசு படிந்து, யாரோ முதுகைக் காட்டி நிற்பதுபோல. அக்கா அந்தத் தூசைத் தட்டினார். தட்டியவர் நிறுத்தினார்.

“சார். சோப்பு வாசனை வரல?”

வந்தது.

தலைக்குக் குளித்துவிட்டு யாரோ பக்கத்தில் கடந்துபோன ஈர வாசனை. அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வந்து எத்தனையோ நாளாகியிருக்கும்.

முன்னறையில் ஒரு சத்தம்.

கரக்... கரக்... நகத்தால் எதையோ சுரண்டும் சத்தம். அவசரமில்லாமல். வேலை தெரிந்த கை.

எலி என்று சொல்ல நினைத்தேன்.

சுரண்டல் நின்றது.

டக்.

இரும்பு தரையில் இறங்கும் சத்தம்.

அக்காதான் முதலில் போனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போனேன். வீரத்தில் எனக்கு எப்போதும் இரண்டாவது இடம்தான். கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் குழிக்குள் நின்றது. அதைச் சுற்றித் தரையில் பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது.

“சின்னவளே” என்று மெல்லக் கூப்பிட்டார் அக்கா. “நீதானாம்மா?”

ஈர வாசனை மட்டும் ஒரு கணம் கூடியது. பிறகு அதுவும் இல்லை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். தாழ்ப்பாளுக்கு மேலே ஒரு சின்ன ஆணி. அதிலும் பெயின்ட் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. துணி. ஆணியில் முடிச்சுப் போட்டு, மறுமுனை அறுந்துபோன ரிப்பன் துண்டு. அதற்கும் சேர்த்தே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

“இது என் கடைத் துணி சார். தலைக்குக் கட்டிக்கக் கொடுத்தேன். பகல்ல தாழ்ப்பாள் விழாம இருக்க இத வச்சுத் தூக்கிக் கட்டிவச்சிருப்பா.” அக்காவின் விரல் அந்த அறுந்த நுனியிலேயே இருந்தது. “எவனோ இழுத்துச் சாத்தின வேகத்துல அறுந்திருக்கு. அவ கட்டினத அறுத்துட்டுப் போயிருக்கான் பாவி.”

விழாத தாழ்ப்பாளை யாரும் தூக்கிக் கட்டிவைப்பதில்லை. இத்தனை காலமும் சாட்சி பச்சைப் பெயின்டுக்கு அடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தம்பியைச் சிறை ஆஸ்பத்திரியில் பார்த்தோம். கம்பளிக்குள் ஆள் இருப்பதே இருமினால்தான் தெரிந்தது. அக்கா எல்லாவற்றையும் சொன்னார். விடுதலை பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அவ எப்படி இருந்தாக்கா?”

“பாக்கலடா. வாசனைதான்.”

“பக்கத்து ரூம்லதான் தூங்கிட்டு இருந்தேன். மிஷின் சத்தத்துலயே இருந்த காது. அவ கூப்பிட்டிருப்பா, கேக்கல.” இருமல் வந்தது. அடங்கக் காத்திருந்தான். “சார், விடியக்காலைல நான் வந்து தட்டுவேன். ரெண்டு தட்டு. யாருன்னு கேப்பா. திருடன்னு சொல்வேன். தினமும் இதே கூத்து. திருடனுக்கு இங்க என்ன இருக்கு, போயிட்டு வான்னு சொல்லிக்கிட்டே திறப்பா.”

சிரிக்கப் பார்த்தான்.

“அன்னிக்கு நெஜமாவே வந்திருக்கான். நான் தூங்கிட்டேன்.”

“வீட்டுக்கு வந்துருவ தம்பி” என்றேன். வக்கீல்கள் சொல்லவே கூடாத வாக்கியம் அது.

“வந்து? தட்டினா யாரு சார் கேப்பா?”

கூடுதல் சாட்சியம் கேட்டு மனுப் போட்டோம். தாழ்ப்பாளைக் கழற்றி, ஆணியும் ரிப்பனும் சேர்த்து, சீல் வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கதவில் திருகாணி ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. தாழ்ப்பாள் தானாக விழுவதற்குப் புவியீர்ப்பு விசைதான் காரணம் என்றால் அந்த விசை கீழ்க்கோர்ட்டில் விசாரிக்கப்படவில்லையே என்ற அளவுக்கு அரசு வக்கீல் வாதாடினார். நீதிபதிகள் தாழ்ப்பாளை ஒரு பலகையில் மாட்டச் சொன்னார்கள். பலகையைத் தட்டியதும் விழுந்தது. “இன்னொரு தடவை” என்றார்கள். விழுந்தது. மூன்றாவது முறை தட்டுவதற்கு முன்பே விழுந்தது. கோர்ட் சிப்பந்தி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஹாலில் யாரும் சிரிக்கவில்லை.

விடுதலை. பெரிய வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சம்பவ இடத்தைப் பார்ப்பதன் அவசியம் பற்றி நிருபர்களிடம் பேசினார். அக்கா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜவுளிக் கடைக்குப் போய்த் தம்பிக்குச் சட்டைத் துணி எடுத்து, அன்றே தைக்கவும் ஆரம்பித்தார்.

தீர்ப்பு நகல் தயாரானது. ஒரு கையெழுத்து விட்டுப்போய்த் திரும்பி வந்தது. முத்திரை இருந்த மேஜைக்காரர் வீட்டில் கல்யாணம். நான் ஒவ்வொரு மேஜையாக நின்றேன். “அவசரம்னா எல்லாருக்கும்தான் சார் அவசரம்” என்றார்கள். உத்தரவு கடைசியில் சிறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதிகாரி முழுவதும் படித்துவிட்டு, “ஆள் காலையிலயே போயிட்டாரே” என்றார். வெளியே போய்விட்டான் என்று ஒரு நொடி நினைத்தேன். அக்கா அப்படி நினைக்கவில்லை. கையிலிருந்த புதுச் சட்டையை மெல்ல மடிக்க ஆரம்பித்தார்.

அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அனுப்பினோம்.

காரியமெல்லாம் முடிந்தபின், சிறையில் கொடுத்த பையை எடுத்துக்கொண்டு அக்கா என்னையும் அந்த வீட்டுக்கு அழைத்தார். பையில் ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு சீப்பு, ஒரு துண்டு. அவன் பொருள் அவன் வீட்டில் இருக்கட்டும் என்றார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சந்தில் ஒரு நாய்கூட இல்லை.

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

நானும் தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே தாழ் போட்ட கதவு எப்படி நிற்குமோ அப்படி நின்றது. தாழ்ப்பாள் கோர்ட்டுப் பொருள் அறையில் சீட்டுக் கட்டித் தொங்குகிறது. கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவனே நான்தான்.

“விடுங்க சார்” என்று கிசுகிசுத்தார் அக்கா. “தள்ளாதீங்க.”

பையைப் படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். என்னையும் இழுத்துக்கொண்டார்.

சோப்பு வாசனை கதவிடுக்கிலிருந்து கசிந்தது.

எனக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் இல்லை. அந்த இடத்தில் யாரோ இருமினார்கள்.

அந்த இருமலை எனக்குத் தெரியும்.

கதவு தட்டப்பட்டது. ரெண்டு தட்டு.

உள்ளே வளையல் சத்தம். பிறகு, தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல ஒரு பெண் குரல்.

“யாரு?”

அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

என் காதுக்கு மிக அருகில், சிரிப்பை அடக்கிக்கொண்டு: “திருடன்.”

இரும்பு தூக்கப்படும் சத்தம் கேட்டது. கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. உள்ளே இருட்டு. படியில் பை இருந்தபடியே இருந்தது, ஜிப் மட்டும் திறந்திருந்தது. செருப்பு அதில் இல்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது, தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்பதுபோல.

டக்.

உள்ளே இருந்தது இருவர் மட்டுமே. முதல்முறையாகத் தீர்ப்பு சரியாக இருந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். பூட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“பூட்டலையாக்கா?” என்றேன்.

“எதுக்கு சார்?” என்றார். “உள்ள ஆள் இருக்காங்க.”